கால் இல்லாவிட்டால் பாம்பா?



அரணையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? உத்திரமேரூர்ப் பக்கம் வளர்ந்துவிட்டு அரணையைப் பார்த்ததில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். எருக்குழி ஓரம், வேலி அடி, ஏரிக்கரைக் கல் இடுக்கு, பள்ளிக்கூட மதில் சுவர் என்று வெயில் சுள்ளென்று விழும் இடத்தில் எல்லாம் பளபளவென்று படுத்திருக்கும். நீ கிட்டே போனதும் சரசரவென்று சருகுக்குள் ஓடிவிடும். சிலர் அதைப் பாம்பு ராணி என்றும் சொல்வார்கள்.

"அரணை கடித்தால் மரணம்" என்று உன் பாட்டி சொல்லியிருப்பார். கூடவே ஒரு கதையும் சொல்லியிருப்பார். அரணை கடிக்கத்தான் வருமாம். பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய்த் திரும்பிவிடுமாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரணைக்கு விஷம் கிடையாது, கண்ணு. உலகத்தில் 1,700-க்கும் மேற்பட்ட அரணை வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட விஷம் உள்ளது இல்லை. அது மறந்துபோய்த் திரும்பவில்லை. உன்னைப் பார்த்துப் பயந்துதான் ஓடுகிறது, பாவம்.

இப்போது ஒரு கேள்வி. அரணைக்கு எத்தனை கால்?

நான்கு என்கிறாயா? சபாஷ். நன்றாகக் கவனித்திருக்கிறாய். ஆனால் இந்தப் பதில் நம் ஊருக்குத்தான் சரி. ஒரு கால்கூட இல்லாத அரணைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

வெள்ளைக்காரர் காலத்தில், சென்னை மாகாணத்தின் காடுகளை எல்லாம் கவனித்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்று பெயர். பட்டாளத்துக்காரராக இங்கே வந்தவர். காட்டு இலாகாவில் சேர்ந்ததும் செடி கொடி, பாம்பு பல்லி என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தென்னிந்தியப் பெரணிச் செடிகளைப் பற்றிப் படங்களோடு பெரிய புத்தகமே போட்டார். மலைக்குப் போனால் சும்மா இருக்க மாட்டார். கல்லைப் புரட்டுவார், மட்கிய மரத்தைக் கிளறுவார். உன்னை மாதிரியே என்று வைத்துக்கொள்ளேன்.

அப்படிப்பட்டவருக்கு விசாகப்பட்டினம் ஜில்லாவின் கோல்கொண்டா மலைக்காட்டில் ஒரு பிராணி கிடைத்தது. கோல்கொண்டா என்றதும் ஐதராபாத் கோட்டையை நினைத்துவிடாதே. அது வேறு. இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் வடக்குப் பகுதியில் இருக்கும் காட்டு மலை.

பிராணி நீளமாக, ஒல்லியாக, வழவழவென்று இருந்தது. கால் இல்லை. யாராக இருந்தாலும் "ஐயோ பாம்பு" என்று தடியைத் தேடியிருப்பார்கள். பெட்டோம் அதை எடுத்துப் பொறுமையாகப் பார்த்தார். இது பாம்பு இல்லை, அரணை என்று கண்டுகொண்டார். 1870-ல் அதற்கு செப்சோபிஸ் பங்டேட்டஸ் என்று அறிவியல் பெயர் வைத்துச் சென்னையில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் எழுதினார். அது வைத்தியர்கள் படிக்கும் மாதப் பத்திரிகை! காய்ச்சலும் கட்டியும் பற்றிப் படிக்க உட்கார்ந்த டாக்டர்கள் கால் இல்லாத அரணையைப் பற்றியும் படித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த அரணை யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போய்விட்டதோ என்றுகூட நினைத்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் ஆராய்ச்சியாளர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தேடி, அது உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்தார்கள்.

2009-ல் ஒடிசாவில் கண்டதார் என்ற இடத்துக் காட்டில், சுசில் குமார் தத்தா என்ற உயிரியல் அறிஞரின் குழுவுக்கும் கால் இல்லாத அரணை ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய ஏழு அங்குல நீளம். உன் கணக்குப் பெட்டி ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். குளிர்ச்சியான, பொலபொலவென்ற மண்ணிலும் கல்லுக்கு அடியிலும் வாழும் பிராணி அது.

சரி, நீ கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. கால் இல்லை, உடம்பு நீளம், நெளிந்து நெளிந்து போகிறது. பிறகு அது பாம்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அருமையான கேள்வி. பதில் முகத்திலிருந்து தொடங்குகிறது. பாம்புக்குக் கண் இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி புகும் ஒரு செதில் மூடியிருக்கும், அவ்வளவுதான். அதனால் பாம்பு கண் சிமிட்டவே சிமிட்டாது. அரணைக்குப் பெரும்பாலும் இமை உண்டு. அது சிமிட்டும். அப்புறம் காது. பாம்புக்கு வெளியே காதுத் துளை இல்லை. அரணைக்குப் பெரும்பாலும் ஒரு சின்னத் துளையாவது இருக்கும். அடுத்தது வால். நம் வீட்டுப் பல்லி வாலை உதறிவிட்டு ஓடுவதைப் பார்த்திருப்பாய். அரணைகளும் அப்படி வாலை விட்டுவிட்டுத் தப்பிக்கும். பிறகு புது வால் முளைக்கும். ஆனால் புது வாலுக்குள் முதுகெலும்புக் கண்ணிகள் இருக்காது, குருத்தெலும்புதான் இருக்கும். பாம்பின் வால் அறுந்துபோனால் மறுபடி முளைக்காது.

இங்கே கொஞ்சம் நிற்போம். இமை, காது, வால். மூன்றும் மனசில் ஏறியதா? ஏறவில்லை என்றால் மேலே உள்ள பத்தியை இன்னொரு தரம் படி. அவசரம் ஒன்றும் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மண்ணுக்குள் மிக ஆழமாக வாழும் சில அரணைகளுக்குக் கண் செதிலுக்கு அடியில் மறைந்துபோயிருக்கும். காதுத் துளையும் மூடியிருக்கும். அப்போது விஞ்ஞானிகள் எக்ஸ்ரே எடுத்து உள்ளே எலும்பைப் பார்ப்பார்கள். கால் இல்லாத பல்லி, அரணை வகைகளுக்கு உள்ளே தோள்பட்டை எலும்பின் மிச்சம் பெரும்பாலும் இருக்கும். கை இல்லை, தோள் மட்டும் இருக்கிறது! பாம்புகளில் தோள் எலும்பு அடியோடு கிடையாது. ஆனால் மலைப்பாம்புக்கு இடுப்பு எலும்பின் மிச்சமும், வெளியே இரண்டு சின்ன நகம் போன்ற முட்களும் உண்டு. பாம்பின் முன்னோர்களுக்கும் ஒரு காலத்தில் கால் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக, பாம்பின் முன்னோர்களும் காலை விட்டார்கள், அரணைகளில் சிலவும் விட்டன. ஆனால் தனித்தனியாக விட்டன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்ளவில்லை. பல்லி, ஓணான், அரணை, பாம்பு எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் இப்படிக் கால் மறைவது இருபத்தைந்து தரத்துக்கும் மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

ஏன் இப்படி? கால் இருந்தால் நல்லதுதானே?

இதற்கு நீயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவித்திருக்கும்போது, விரல்களை அகல விரித்துக் கையை நெல்லுக்குள் நுழைத்துப் பார். சுலபமாகப் போகாது. விரல்களைச் சேர்த்து, கையை ஒடுக்கி நுழைத்துப் பார். முழங்கைவரை போய்விடும். மண்ணுக்குள் போகும் பிராணிக்கும் இதே கதைதான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு காலும் மண்ணில் இடிக்கும், இழுக்கும், வேகத்தைக் குறைக்கும். உடம்பு நீண்டு, கால் சிறுத்தால் வேலை சுலபம். தலை ஆப்பு மாதிரி மண்ணைப் பிளக்கும். உடம்பு இடமும் வலமும் நெளிந்து, கல்லையும் வேரையும் உதைத்து முன்னே தள்ளும்.

அரணையின் தோலும் இதற்குத் தோதானது. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வழுவழுப்பாக இருக்கும். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் மெல்லிய எலும்புத் தகடு உண்டு. அதனால்தான் அரணை அவ்வளவு பளபளப்பு, அவ்வளவு உறுதி. மண் உரசினாலும் சுலபத்தில் கீறல் விழாது.

மண்ணுக்குள் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. கறையான், பூச்சிப் புழுக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மேலே பருந்து இருக்கிறது, கீரி இருக்கிறது. கீழே நிம்மதி.

ஆனால் ஒன்று. நேற்று நான்கு காலோடு இருந்த அரணை இன்று காலை எழுந்து பார்த்தால் கால் இல்லை என்று ஆகிவிடாது. லட்சக்கணக்கான தலைமுறைகள் ஆகும். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் குட்டைக் காலோடு பிறந்தவை மண்ணுக்குள் சற்று நன்றாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகள் அதிகமாயின. கால் சிறுத்துக்கொண்டே வந்தது. பயன்படுத்தாததால் தேய்ந்துவிட்டது என்று சில பெரியவர்களே சொல்வார்கள். அது சரியில்லை. நீ ஆறு மாசம் நடக்காமல் உட்கார்ந்திருந்தால் உன் கால் மெலியலாம். அதனால் பிற்காலத்தில் உனக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் கால் குறையாது. புரிகிறதா?

கால் சிறுக்கும் இந்தக் கதையை நீ கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு விதமான அரணை உண்டு. ஒன்று கொழுத்தது, நல்ல வலுவான கால்கள், காலுக்கு ஐந்து விரல். இன்னொன்று ஒல்லி, உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கரும்புள்ளி, கால்கள் ரொம்பக் குட்டை. குட்டியாக இருக்கும்போது அதன் வால் சிவப்பாக இருக்கும். எனக்கு இந்த ஒல்லி அரணைதான் பிடிக்கும். அவசரம் வந்தால் அந்தக் குட்டைக் கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பாம்பாக நெளிந்து ஓடும். அதன் கீழ் இமையில் ஒளி புகும் ஒரு சின்னத் திட்டு உண்டு. இமையை மூடினால் கண்ணில் மண் விழாது, வெளிச்சமும் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார்!

அடுத்த பாடம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில். அங்கே நெசியா என்று ஓர் அரணைக் கூட்டம் இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதில் மூன்று விரல் வகை உண்டு, இரண்டு விரல் வகை உண்டு, ஒற்றை விரல் வகை உண்டு, காலே இல்லாத வகையும் உண்டு. அங்கே நக்கிள்ஸ் மலைக்காட்டில் இதன் உறவுக்கார அரணை ஒன்றுக்கு நான்கு விரல். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்! ஒரே தீவுக்குள் வாய்ப்பாடு மாதிரி வரிசையாக வைத்திருக்கிறது இயற்கை. ஆஸ்திரேலியாவில் லெரிஸ்டா என்ற கூட்டமும் இப்படித்தான். ஏறக்குறைய நூறு வகை. ஐந்து விரலில் தொடங்கிக் கால் இல்லாததுவரை எல்லாம் உண்டு.

இதைக் கேட்டதும் நான்கு விரல் அரணையிலிருந்து மூன்று விரல், அதிலிருந்து இரண்டு விரல் வந்தது என்று நினைத்துவிடாதே. இவை எல்லாம் இன்றைக்கு உயிரோடு இருப்பவை. ஒன்றுக்கொன்று பாட்டி பேத்தி இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்ற காலோடு சௌக்கியமாக இருக்கிறது. கால் குறைந்தது மட்டமும் இல்லை, கால் நிறைந்தது உசத்தியும் இல்லை.

போன கால் திரும்பி வருமா என்று கேட்கிறாயா? கேட்பாய் என்று தெரியும்! பிலிப்பைன்ஸ் தீவுகளில் பிராக்கிமெலிஸ் என்ற அரணைகள் இருக்கின்றன. அவற்றின் முன்னோர்கள் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் காலை இழந்தன என்றும், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் சிலவற்றுக்கு மறுபடி கால் வந்தது என்றும் சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தச் சமயத்தில் மழை பெருகி, உலர்ந்த பொலபொல மண் ஈரமாகி இறுகிவிட்டதாம். இறுகிய ஈர மண்ணில் கால் உதவும் என்பது அவர்கள் வாதம். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பலமான சண்டை நடக்கிறது. எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போது நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்புவோம். பெட்டோமின் அரணை மலைக்காட்டை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது? காட்டில் மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அது மட்கி மெத்தென்ற மண் ஆகும். மரநிழலில் ஈரம் காயாது. மண்ணுக்குள் வாழ்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மலையை விட்டு இறங்கினால் கோடையில் மண் சுட்டுப் பொசுக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் உனக்குத் தெரியாததா? அதனால் ஒரு மலையில் இருக்கும் அரணை சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது கடினம். நமக்கு அது மலை. அதற்கு அது தீவு.

நிஜமான தீவிலும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஒடிசாவின் சிலிகா ஏரியில் பர்குடா என்று ஒரு தீவு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் அங்கே கிடைத்த கால் இல்லாத அரணை ஒன்றைப் பற்றி 1917-ல் எழுதினார். அதன் பெயரே பர்குடியா. அதன் உறவினர் ஒன்று விசாகப்பட்டினம் பக்கம் இருக்கிறது.

தீவு மாதிரி ஒதுங்கி வாழ்வதில் ஆபத்தும் உண்டு. மரத்தை வெட்டினால் நிழல் போகும். நிழல் போனால் ஈரம் போகும். ஈரம் போனால் மண் இறுகும். பறவையாக இருந்தால் வேறு காட்டுக்குப் பறந்துவிடும். கால் இல்லாத அரணை எங்கே போகும்? கண்டதார் மலைகளில் இரும்புத் தாதும் இருக்கிறது. தாது எடுப்பவர்களுக்கும் அந்த மண் வேண்டும், அரணைக்கும் அதே மண்தான் வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். "எங்கள் வீட்டுப் பூந்தொட்டியில் புழு மாதிரி கருப்பாக ஒன்று இருந்ததே, அதுதானா இது?" என்று கேட்பாய். அது இது இல்லை. அது குருட்டுப் பாம்பு. மண்புழு அளவுக்குத்தான் இருக்கும். விஷமில்லை. கறையான், எறும்பு முட்டை தின்று பிழைக்கும். அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண்! தொட்டிச் செடிகளோடு பயணம் செய்து உலகத்தில் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனைமலைப் பக்கம் போனால் கால் இல்லாத இன்னொரு பிராணி உண்டு, அது தவளைக்குச் சொந்தம். செதில் தெரியாது, தோல் ஈரமாக வளையம் வளையமாக இருக்கும். கால் இல்லாதவர்கள் சங்கம் ஒன்று வைத்தால் கூட்டம் நிரம்பி வழியும்.

ஆனால் நன்றாகக் கேட்டுக்கொள். நீளமாக நெளியும் எதையும் இமை இருக்கிறதா என்று பார்க்கக் கையில் எடுக்காதே. நம் பக்கம் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் உண்டு. அவற்றின் குட்டிகளும் சின்னதாகத்தான் இருக்கும். தள்ளி நின்று பார், பெரியவர்களைக் கூப்பிடு. உங்கள் ஊரில் இருளர் தாத்தா யாராவது இருந்தால் அவரிடம் போய்க் கேள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தரையில் பதிந்த தடத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்கிறவர்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். அரணையைப் பார்க்கும்போதெல்லாம் கொழுத்ததா ஒல்லியா, எந்த இடம், எந்த நேரம், வால் முழுசா அறுந்ததா என்று எழுதி வை. கல் எறியாதே. மழைக்காலம், வெயில்காலம் இரண்டும் எழுதி முடித்தபின் உன் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு.

இன்னொன்றும் உண்டு. உத்திரமேரூரிலிருந்து மேற்கே வந்தவாசி, போளூர் தாண்டிப் போனால் ஜவ்வாது மலை வரும். அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைதான், பெட்டோமின் அரணை வாழும் அதே தொடரின் தெற்குப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் துருவித் துருவி ஆராய்ந்த அளவுக்குக் கிழக்குத் தொடர்ச்சி மலையை இன்னும் யாரும் ஆராயவில்லை. நீ விலங்கியல் படித்துவிட்டு அங்கே போ. கல்லைப் புரட்டிப் பார். பார்த்து முடித்ததும் அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிடு. அதற்கு அடியில் ஒருவர் குடியிருக்கிறார்.